ஹாலே: ஹெண்டல் பிறந்த ஊரில் ஐந்து நாட்கள்

முதல் நாள், புதன்

லைப்சிக்கில் ரயில் மாறி ஹாலேவில் இறங்கும்போது மதியம் இரண்டரை. ஜூன் மாத வெயில். மூன்று வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன், ஆனால் இந்த ஊருக்கு வர இப்போதுதான் வாய்த்தது. ஊரில் பெரிய அத்தையிடம் போனில் சொன்னபோது, "இவ்வளவு நாளா அங்கயே இருந்துகிட்டு இன்னும் ஹாலேவுக்குப் போகலையா?" என்று கேட்டார்கள். எங்களுக்குத் தரங்கம்பாடி. அங்கே லுத்தரன் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு ஹாலே என்பது காதில் விழுந்துகொண்டே இருந்த பெயர். ஏன் என்பதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். நான் வந்திருப்பது ஹெண்டல் விழாவுக்கு.

கேயோர்க் ஃபிரீட்ரிஷ் ஹெண்டல் 1685 பிப்ரவரி 23 அன்று இந்த ஊரில் பிறந்தார். 'மெசையா' என்ற பெரிய கிறிஸ்தவப் பாட்டுப் படைப்பை எழுதிய இசையமைப்பாளர், அதில் வரும் ஹாலேலூயா கோரஸ் அவருடையது என்று சொன்னால் நம் ஊரில் சர்ச் கொயரில் பாடிய எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் மே கடைசியில் தொடங்கி ஜூன் நடுவரை ஊர் முழுக்க அவருடைய இசைதான். ஓபரா அரங்கு, தேவாலயங்கள், அவர் பிறந்த வீட்டின் முற்றம் என்று ஒரே நாளில் மூன்று நான்கு கச்சேரிகள்கூட நடக்கின்றன.

பெட்டியை வைத்துவிட்டு நேராகச் சந்தைச் சதுக்கத்துக்குப் போனேன். சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள். நான்கு சந்தை தேவாலயத்துடையவை, ஐந்தாவது தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். அதில் மட்டும் 76 மணிகள். ட்ராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன, நடுவில் காய்கறிக் கடைகள், வெள்ளை அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெரி. இத்தனைக்கும் நடுவில் உயரமான பீடத்தில் வெண்கல ஹெண்டல் நிற்கிறார். பக்கத்தில் இசைத் தாங்கி, அதில் மெசையாவின் சுரத்தாள்.

சிலையை வைத்தது 1859இல், அவர் இறந்து நூறாவது ஆண்டில். செய்தவர் ஹெர்மன் ஹைடல். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நன்கொடை திரட்டிச் செய்தார்கள். ஹெண்டல் 1703இல், பதினெட்டு வயதில், இந்த ஊரை விட்டுப் போனவர். ஹாம்பர்க், இத்தாலி, அப்புறம் லண்டன். இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கி, அங்கேயே 1759இல் இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். அம்மாவைப் பார்க்கச் சில தடவை வந்து போனதோடு சரி. அப்படிப்பட்டவரை ஊர் விடாமல் வைத்திருக்கிறது.

பீடத்தின் அடியில் மலர் வளையங்கள் கிடந்தன. விழாவின் தொடக்கத்தில் சிலைக்கு முன் கூடி, பாடி, மாலை வைப்பார்களாம். நான் வந்தது அதற்குச் சில நாள் கழித்து. ரோஜாக்களின் ஓரம் கறுத்து, நாடாவின் தங்க எழுத்து மழையில் லேசாகச் சுருண்டிருந்தது. ஒரு அம்மா ஐஸ்கிரீமோடு வந்து பீடத்தின் படியில் பிள்ளையை உட்கார வைத்து, ஒரு வளையத்தைக் கையால் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். போகிற போக்கில் செய்த வேலை. எனக்கு அந்த நிமிடமே ஊர் பிடித்துவிட்டது.


இரண்டாம் நாள், வியாழன்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். காலை உணவின்போது பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஊர்ப் பாடகர் குழுவில் பாடியவர்.

அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஹெண்டலின் ஓரடோரியோக்களை, அதாவது நடிப்பில்லாமல் பாடும் பெரிய பாட்டுக் கதைகளை, குறிப்பாக மெசையாவை, யாரும் மறக்கவே இல்லை. ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓபராக்கள், நடித்துப் பாடும் இசை நாடகங்கள், அவர் காலத்தோடு மேடையிலிருந்து போய்விட்டன. ஏறக்குறைய 170 வருடம் யாரும் தொடவில்லை. 1920இல் கட்டிங்கன் என்ற பல்கலைக்கழக ஊரில் ஓஸ்கார் ஹாகன் என்ற கலை வரலாற்று ஆசிரியர் 'ரோடெலிண்டா'வை மேடையேற்றினார். அதிலிருந்துதான் ஓபராக்களுக்கு மறுபடி உயிர் வந்தது. ஹாலே 1922இல் தன் முதல் ஹெண்டல் விழாவை நடத்தியது. நாஜி ஆட்சியில் அந்த இசையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓரடோரியோக்களில் பெரும்பாலானவை பழைய ஏற்பாட்டுக் கதைகள், இஸ்ரவேலரின் கதைகள். 'யூதாஸ் மக்கபேயஸ்' போன்றவற்றில் யூதர்களைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு வேறு வரிகள் எழுதிப் பாடினார்கள். மெட்டு அப்படியே இருக்க, யாருக்காக அழுத பாட்டோ அவர்களையே அதிலிருந்து துரத்திய வேலை அது. படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

போர் முடிந்து 1948இல் பிறந்த வீடு அருங்காட்சியகம் ஆனது. 1952 முதல் விழா வருடாவருடம் நடக்கிறது. அந்தக் காலத்தில் ஓபராக்களை ஜெர்மன் மொழியில் பாடினார்கள். காஸ்ட்ராட்டோ பாடகர்களுக்காக (உச்சக் குரல் மாறாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண்கள்) எழுதிய உச்சஸ்தாயிப் பாத்திரங்களைக் கட்டைக் குரலில் ஆண்கள் பாடினார்கள். "நாங்கள் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். எங்களுக்கு சீசர் என்றால் கட்டைக் குரல்" என்றார் வீட்டுக்காரம்மா. 1985இல், ஹெண்டலின் 300ஆவது பிறந்த ஆண்டில், அவர்கள் குழு பாடியது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்ததாம். "நாங்கள் போக முடியாது. அவர்கள் ஹெண்டலுக்காக எங்களிடம் வந்தார்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

பிறந்த வீடு நிக்கோலாய் தெருவில் இருக்கிறது, மஞ்சள் நிறம். அப்பா கேயோர்க் ஹெண்டல் நாவிதராகவும் அறுவை வைத்தியராகவும் இருந்தவர். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே தொழில். மகன் பிறக்கும்போது அவருக்கு 62 வயது. மகன் வக்கீலாக வேண்டும் என்பது ஆசை, இசை பிடிக்காது. பையன் கிளாவிகார்டு என்ற சின்ன விசைப்பலகை வாத்தியம் ஒன்றை மேல்மாடிக்கு ரகசியமாக ஏற்றி, எல்லாரும் தூங்கியபின் வாசித்தான் என்று ஒரு கதை உண்டு. ஹெண்டல் இறந்த மறுவருடமே வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் அது இருக்கிறது. உண்மையோ இல்லையோ, கிளாவிகார்டைப் பார்த்தபின் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத வாத்தியம் அது. பிறகு வைசன்ஃபெல்ஸ் அரண்மனையில் பையன் ஆர்கன் வாசித்ததைக் கேட்ட பிரபு, அப்பாவைக் கூப்பிட்டு, இவனை இசை படிக்க வையுங்கள் என்று சொன்னாராம். அப்புறம்தான் சந்தை தேவாலயத்தின் ஆர்கன் வாத்தியார் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஸாஹோவிடம் பாடம்.

அங்கிருந்து நடந்தால் கதீட்ரல். 1702இல் பதினேழு வயது ஹெண்டலுக்கு இங்கே ஒரு வருடம் ஆர்கன் வேலை, சம்பளம் வருடத்துக்கு 50 தாலர். அதே வருடம் பிப்ரவரியில் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார். இதை நாளைக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஓபரா அரங்கில் 'ஜூலியோ சேசரே', 1724இல் லண்டனுக்காக எழுதியது. இன்று சீசரைப் பாடியவர் கவுண்டர்டெனர், பெண் குரல் உயரத்தில் பாடும் ஆண். முதல் பத்து நிமிடம் காது பழகவில்லை. அப்புறம் வேறு மாதிரி சீசரை நினைக்கவே முடியவில்லை. எகிப்தில் எதிரியின் சபையில் நின்று சீசர் பாடும் ஒரு பாட்டு உண்டு. இரையைத் தேடும் வேட்டைக்காரன் சத்தமில்லாமல் போவான் என்று பொருள். அதற்கு உடன் வாசிப்பது ஒரே ஒரு ஹார்ன். வால்வு இல்லாத பழைய வகை. உதட்டாலும், குழலின் வாயில் நுழைத்த கையாலும் மட்டும்தான் சுரம் பிடிக்க வேண்டும். முதல் சுரத்துக்கு முன் வாசிப்பவர் ஹார்னைத் திருப்பி, உள்ளே தேங்கிய ஈரத்தைத் தரையில் வடித்ததை என் இடத்திலிருந்து பார்த்தேன். அந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு ஒரு வழக்கம்: முதல் பகுதி, வேறு உணர்ச்சியில் நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி. நாம் பல்லவிக்குத் திரும்புவதுபோல. திரும்பி வரும்போது பாடகர் தன் கற்பனையில் சங்கதிகள் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். இன்று குரல் ஒரு சங்கதி போட, ஹார்ன் அதையே திருப்பிச் சொல்ல, குரல் இன்னொன்று போட்டது. பக்கத்தில் இருந்த தாத்தா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அரங்கை விட்டு வெளியே வந்தபோது மணி பத்தரை. வடமேற்கு வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம்.


மூன்றாம் நாள், வெள்ளி

இன்று ஒரு கச்சேரிக்கும் போகவில்லை. காலையில் ஃபிராங்கே அறநிலையத்துக்குப் போனேன். மாலை வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஹாலேக்கு வெளியே ஒரு ஏழைக் கிராமத்தில் போதகர். 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ நான்கு தாலரும் 16 குரோஷனும் (அந்தக் கால ஜெர்மன் நாணயங்கள்) போட்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல். சில வருடத்தில் ஒரு நகரமே எழுந்தது: பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை. பிரதான கட்டடத்தின் நெற்றியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். ஹெண்டல் பையனாக இருந்தபோது இந்தச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஊரில் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

1703இல், ஹெண்டல் சேர்ந்திருந்த அதே பல்கலைக்கழகத்துக்கு, பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற மாணவர் படிக்க வந்தார். அதே 1703இல் ஹெண்டல் ஹாம்பர்க் வண்டி ஏறினார். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க் லுத்தரன் மிஷனரியாகத் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அதே 1706இல் ஹெண்டல் இத்தாலிக்குக் கிளம்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததாக எந்தக் குறிப்பும் நான் படித்ததில்லை. ஒரே ஊர், மூன்று வயது வித்தியாசம், ஒருவர் மேற்கே போனார், மற்றவர் கிழக்கே வந்தார். மேற்கே போனவரின் பாட்டையும் கிழக்கே வந்தவரின் பாட்டையும் நான் ஒரே கோயிலில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் சீகன்பால்க் ஐயர் கட்டியது. பீடத்துக்கு முன்னால் அவர் கல்லறை. சின்ன வயதில் அந்தக் கல்லில் இருக்கும் தேதியை எழுத்துக் கூட்டிப் படிப்போம். 1719 பிப்ரவரி 23. ஹெண்டலின் பிறந்த நாளும் பிப்ரவரி 23 என்று எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

அனாதை இல்லத்தின் மேல்மாடியில் விசித்திரப் பொருட்கள் அறை என்று ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் இருந்து வந்தவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்துவதற்காகச் சேர்த்தவை. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அலமாரிகளுக்கு மேலே, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சித்திரமாகவே வரைந்திருக்கிறார்கள், 1730களின் கடைசியில் செய்த வேலை. சங்கு அலமாரி, கல் அலமாரி என்று பார்த்துக்கொண்டே போனேன். எழுத்துகளுக்கான அலமாரிக்கு முன் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச்சுவடி. ஓரங்கள் தேன் நிறத்தில், துளையில் கயிறு, எழுத்தாணி கீறிய நம் எழுத்து. புள்ளி இல்லாமல், சொற்களுக்கு இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். ஒரு 'க', ஒரு 'ம', ஒரு 'ன' பிடிபட்டது. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் முதலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் பக்கத்தில் வந்து, "இதைப் படிக்க முடியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றேன். "என்ன போட்டிருக்கு?" என்றாள். என் பெயரை அவள் நோட்டில் தமிழில் எழுதிக்கொடுத்தேன். பிறகு அவள் பெயரையும்.

இந்த ஊர் அச்சகம்தான் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்து சேர்ந்திருந்தது. ஹாலேவில் வார்த்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. பிறகு தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகிவிட்டது. சீகன்பால்க் ஐரோப்பாவுக்கு வந்துபோன சமயத்தில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீன் விளக்கத்தோடு இதே அச்சகத்தில் வெளிவந்தது. அந்தப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழரும் உடன் வந்தார். முந்நூறு வருடத்துக்கு முன் இந்தக் கல் தெருக்களில் தமிழில் பேசிக்கொண்டு போனவர் அவர். எல்லாமே இனிக்கும் கதை இல்லை. நம் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய பெரிய நூலை, இதை அச்சிடுவது நம் வேலை இல்லை என்று ஃபிராங்கே மூட்டை கட்டி வைத்துவிட்டார். அது அச்சேறியது 1867இல், சென்னையில். கேட்டுக் கேட்டு எழுதிய ஒருவரின் உழைப்பு 150 வருடம் தூங்கியது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாட்டு விஷயமும் இங்கேதான் தொடங்குகிறது. 1704இல் ஹாலேவில் ஃபிரைலிங்ஹவுசன் தொகுத்த பாடல் புத்தகம் வந்தது. தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் ஜெர்மன் பாடல்களைத் தமிழில் பெயர்த்து, அதே மெட்டில் பாடவைத்தார்கள். நாங்கள் ஞானப்பாட்டு என்று சொல்வது அந்த வழியில் வந்தது. ஜெர்மன் மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை மடக்கி உட்கார வைத்திருப்பார்கள். குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலை இழுப்போம். பாட்டி பாடும்போது அது தமிழ்ப் பாட்டாகவே கேட்கும்.

மாலையில் அத்தைக்கு ஓலைச்சுவடியின் படம் அனுப்பினேன். உடனே போன். "பத்திரமா வச்சிருக்காங்களா? செல்லு கில்லு அரிக்காம இருக்கா?" நன்றாக வைத்திருக்கிறார்கள் அத்தை என்றேன்.


நான்காம் நாள், சனி

காலையில் பாட் லவுக்‌ஷ்டெட் வரை போய் 1802இல் கட்டிய கோதே தியேட்டரைப் பார்த்தேன். சின்ன மரத் தியேட்டர், விழாவில் அங்கேயும் ஓபரா உண்டு. திரும்பி வந்து ஹாலோரன் உருண்டை வாங்கினேன். இந்த ஊர் உப்பால் வளர்ந்தது. உப்புக் காய்ச்சும் தொழிலாளர்களை ஹாலோரன் என்பார்கள். அவர்கள் கோட்டில் இருந்த வெள்ளிப் பொத்தானின் வடிவத்தில் சாக்லேட். ஊருக்கு அனுப்ப நான்கு டப்பா எடுத்துக்கொண்டேன்.

இரவு சந்தை தேவாலயத்தில் மெசையா.

இதைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. பன்னிரண்டு வயதில் இதை நான் ஆல்டோ வரிசையில், பெண்களின் கீழ்க் குரலில், நின்று பாடினேன். ஹாலேலூயா கோரஸ் மட்டும்தான், கிறிஸ்துமஸுக்கு. எங்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. டானிக் சோல்ஃபாவில், தோ ரே மி எழுத்துகளாக, அத்தை கையால் எழுதிய தாள். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். கீபோர்டில் நான்கு குரலுக்கும் தனித்தனியாக அத்தை வாசித்துக் காட்டி, நவம்பர் முழுக்கப் பயிற்சி.

ஹெண்டல் இதை 1741 ஆகஸ்ட் 22 தொடங்கி செப்டம்பர் 14க்குள் எழுதி முடித்தார். 24 நாள். முதல் அரங்கேற்றம் டப்ளினில், 1742 ஏப்ரல் 13. கடன் கட்ட முடியாமல் சிறையில் இருந்தவர்களுக்காகவும் இரண்டு மருத்துவமனைகளுக்காகவும் நடத்திய கச்சேரி. அதில் வந்த பணத்தில் 142 கைதிகள் விடுதலையானார்கள். கூட்டம் தாங்காது என்று, பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரச் சொல்லிப் பத்திரிகையில் கேட்டுக்கொண்டார்கள். 1750 முதல் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்துக்காக வருடம்தோறும் நடத்தினார். அந்த இல்லத்துக்கே சுரத்தாளின் ஒரு பிரதியையும் உயிலில் எழுதிவைத்தார். நேற்று ஃபிராங்கேயின் அனாதை இல்லத்தில் நின்றுவிட்டு இன்று இதைக் கேட்கிறேன். சின்ன வயதில் பார்த்த அந்தக் கட்டடம் அவர் மனதில் இருந்திருக்குமா என்று ஆய்வாளர்களும் யோசித்திருக்கிறார்கள். இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாசித்தவர்கள் அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசித்தார்கள். வயலினுக்கு நரம்புத் தந்தி. சுருதி இன்றைய சுருதியைவிட அரை சுரம் கீழே. முதல் வரிசை இல்லை எனக்கு, பக்கவாட்டு மாடத்தில் இடம். அதனால் டிம்பனி என்ற பெரிய கொப்பரை மேளங்களை வாசிப்பவர் நேர் கீழே தெரிந்தார். மெசையாவில் அவருக்கு ஹாலேலூயாவிலும் கடைசிக் கோரஸிலும் மட்டும்தான் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சும்மா இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து, தோலில் ஒரு விரலால் தட்டி, காதை அதன்மேல் வைக்கிறார். திருகாணியை அரைத் திருப்பு திருப்புகிறார். கூட்டத்தின் மூச்சு ஈரத்தில் தோல் தளர்ந்துகொண்டே இருக்கும் போலிருக்கிறது. யாருக்கும் கேட்காமல் தன் நேரத்துக்காக வாத்தியத்தைத் தயாராக வைத்திருந்த அந்த மனிதரைப் பார்த்தே பாதிக் கச்சேரி போனது.

அப்புறம் அந்தக் கோரஸ். 'ராஜாதி ராஜா' என்ற இடத்தில் சொப்ரானோவும் (பெண்களின் மேல் குரல்) ஆல்டோவும் ஒரே சுரத்தில் நீட்டி நிற்பார்கள். கீழே மற்ற குரல்கள் ஹாலேலூயா என்று முட்டிக்கொண்டிருக்கும். பிறகு சொப்ரானோ தனியாகப் படி ஏறும். அத்தை அங்கே எங்களிடம், "மூச்சைத் திருடாதீங்க, பக்கத்துல இருக்கவ எடுத்ததும் எடுங்க" என்று சொல்வார்கள். இங்கேயும் ஆல்டோக்கள் மாற்றி மாற்றித்தான் மூச்சு எடுத்தார்கள். தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது. என் உதடு தானாக அசைந்தது. கடைசி ஹாலேலூயாவுக்கு முன் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் எங்கள் கோயிலில் கடல் கேட்கும். இங்கே கல் வளைவுகளில் முந்தைய ஓசை சுழன்று, மேலே ஏறி, தேய்ந்தது. அது முழுக்கத் தேயும்வரை நடத்துநர் கையை இறக்கவில்லை.

வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். "டிம்பனி நன்றாக இருந்ததா?" என்று கேட்டார். அவரும் கவனிப்பவர்தான்.


ஐந்தாம் நாள், ஞாயிறு

மதியம் ரயில். காலையில் அதே தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். நேற்று நெரிசலில் கவனிக்காததை எல்லாம் இன்று பார்த்தேன். 1430இல் வார்த்த வெண்கல ஞானஸ்நானத் தொட்டி. பிறந்த மறுநாள் ஹெண்டலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இதில்தான். பீடத்துக்கு மேலே, கிழக்கு மாடத்தில், ஒரு சின்ன ஆர்கன். 1664இல் முடித்தது, ஒரே விசைப்பலகை. ஸாஹோ வாத்தியாரிடம் பையன் பாடம் படித்த ஆர்கன் என்கிறார்கள். எதிரே மேற்கில் பெரிய ஆர்கனின் கூடு. அந்த ஆர்கனை 1716இல் சோதிக்க வந்தவர்களில் இன்னொரு பெரிய ஜெர்மன் இசையமைப்பாளரான பாஹும் ஒருவர். பாஹும் ஹெண்டலும் ஒரே வருடம், 130 கிலோமீட்டர் தூரத்துக்குள் பிறந்தவர்கள். 1719இல் ஹெண்டல் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு பாஹ் கேத்தனிலிருந்து வந்தார், அன்றே ஹெண்டல் கிளம்பிவிட்டிருந்தார். கடைசிவரை சந்திக்கவே இல்லை.

கூட்டம் அதிகம் இல்லை, அறுபது எழுபது பேர். எனக்குப் பக்கத்தில் வயதான தம்பதி. ஒரு பாட்டுக்குச் சின்ன ஆர்கனை வாசித்தார்கள். பழைய சுருதி அமைப்பு, நம் காதுக்குப் பழகிய கீபோர்டு மாதிரி இல்லை. சில சுரக்கூட்டுகள் சர்க்கரை போல இனிக்கின்றன, சில லேசாகக் கடிக்கின்றன. மூச்சு விடுகிற சத்தமும் சேர்ந்தே வருகிறது.

கடைசிப் பாட்டின் எண்ணைப் பலகையில் பார்த்தேன். புத்தகத்தைப் புரட்டுவதற்குள் ஆர்கன் முன்னிசையைத் தொடங்கிவிட்டது. மூன்றாவது சுரத்திலேயே தெரிந்துவிட்டது. 'நூன் டாங்கெட் அல்லெ கோட்', எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்ற பாட்டு. எங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், யார் பரீட்சையில் தேறினாலும், வருடக் கடைசி ராத்திரியிலும் பாடுவது. பாட்டி இறப்பதற்கு முந்தைய வாரம் படுக்கையில் முணுமுணுத்ததும் இதுதான். ஜெர்மன் வரிகள் என் கையில் திறந்திருந்தன. வாய்க்குத் தமிழ்தான் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு வழக்கமான குரலில், ஆல்டோவில், நெடிலை இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துப் பாடினேன்.

பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். தன் புத்தகத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, என் வாயைப் பார்த்துக்கொண்டே மேல் குரலைப் பாடினார். இரண்டாவது சரணத்தில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தோம்.

பாட்டு முடிந்ததும், "எந்த மொழி?" என்று கேட்டார். தமிழ் என்றேன். தரங்கம்பாடி என்றும் சொன்னேன். "ட்ராங்கேபார்!" என்றார் அவர் கணவர், மனைவிக்கு முன்னால்.